தவமலருக்கு வயது முப்பத்தெட்டு

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்
தவமலரைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.
லயத்துக் காம்பிரா, மூன்று பிள்ளை,
திரை கீறிய போன்,
மாதக் கடைசியில் டேட்டா இல்லை.

அப்படி ஒருத்தி இல்லை.
இருபத்திரண்டு பெண்களின் பேச்சைப் பதிந்து
எழுதி, அடித்து, மறுபடி எழுதி
ஒட்டுப்போட்டுத் தைத்தவள்.

கொழுந்து நிறை பதிகிற செயலி.
"விரல் வைத்தால் திறக்கட்டும்" என்றார்
கொழும்பிலிருந்து வந்த ரொஷான்.
"தவமலர் விரலில் ரேகை இல்லை" என்றேன்.
பதினாறு பேர் சொன்னது அது:
கறை, வெடிப்பு, அட்டைக்குத் தேய்த்த சவர்க்காரம்.
விரல் போனது. நாலு இலக்கம் வந்தது.

பிறகு கேட்டார்:
நிறையைக் குறைத்துப் போட்டால்
முறைப்பாட்டுப் பொத்தானை
அவள் அமுக்குவாளா?

அமுக்குவாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
நான் என்றால் அமுக்குவேன்.
நான் ஒருநாளும் கொழுந்து எடுத்தவளில்லை.
பதிவுகளில் அந்தக் கேள்வியே இல்லை.
"தெரியாது" என்றேன்.

வியாழக்கிழமை, பொகவந்தலாவ பஸ், மழை.
தராசடியில் பரமாயி
ஈரக்கையால் தாளை வாங்கிப் பார்த்தாள்.
"கை என்னுதுதான்.
இந்தச் சிரிப்பு யாருது?
கணக்கப்புள்ள பக்கத்துல நிக்கிறப்ப
எவ அமுக்குவா?
ராவைக்கு, லயத்துல,
புள்ளகிட்ட குடுத்து அமுக்கச் சொல்லுவேன்."

திரும்பி வந்து
தவமலருக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்:
இரவு. மூத்த மகளின் கை.

சிரிப்பை இன்னும் மாற்றவில்லை.