மூன்றாவது குழாய்

சத்தம் காலையில் மட்டும்தான் அக்கா
என்றான் கோவர்த்தனன்.
டிக் டிக் டிக்.
தெப்பக்குளம் தாண்டுவதற்குள் நின்றுவிடுமாம்.

சூடேறினால் குழாய் வீங்கும்,
விரிசல் வாயை மூடிக்கொள்ளும்.
ஆறினால்தான் பேசும்.
வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுப் போ என்றேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஹோண்டா சிட்டி.
வாங்கிய விலையைவிட
அதற்குள் கொட்டிய காசு அதிகம்.
கோயம்புத்தூரில் செய்த ஹெட்டர்:
நாலு குழாயும் ஒரே நீளம்,
முழங்கையாய் மடங்கி, இறங்கி,
ஒன்றன் மூச்சு ஒன்றை இடிக்காமல்
முறை வைத்து வந்து
ஒரே வாயில் கலக்கும்.
மாசி வீதியில் தேர் திரும்பும்போதுகூட
அப்படி வரிசையாய் யாரும் வழிவிட்டுப் பார்த்ததில்லை.

காலை ஆறு மணி, வில்லாபுரம்.
ஜைலானி சாவியைத் திருப்பினான்.
டிக்.
ஓடிப்போய்க் கந்தையால் பின்வாயை அடைத்தான்.
மூன்றாவது குழாயின் கழுத்தில்
மை தீற்றியதுபோல் ஒரு புகைக்கோடு.

கழற்றவே மதியமாகிவிட்டது.
மற்ற நட்டெல்லாம் மனசு வைத்தன.
கடைசி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி
மெழுகுவர்த்தியைக் காட்டினேன்.
மெழுகு மரைக்குள் ஓட ஓட
முனகிக்கொண்டே வந்தது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.
மயிரிழை விரிசல்,
பழைய வெல்டிங்கின் ஓரமாகவே.
பூரான் முதுகு மாதிரி வரி,
முடிகிற இடத்தில்
இடப்பக்கமாய் ஒரு சின்ன வால்.

"எந்த மடையன் வச்சதோ,
கப்பலூர்லக்கா, ரெண்டு வருசம் இருக்கும்"
என்றான் போனில்.

கப்பலூரில், இரண்டு வருஷத்துக்கு முன்,
நாளுக்கு எழுநூற்றைம்பது சம்பளத்தில்
அந்த மடையன் நான்.
வாலை இடப்பக்கம் இழுப்பது என் கை.

கேஸை மிச்சம் பிடிக்கச் சொன்னார் முதலாளி,
குழாய்க்குள் ஆர்கான் விடவில்லை.
வெளியே வரி அழகு.
உள்ளே விரலை விட்டேன்:
கருகிய சர்க்கரை, நறநறவென்று.
பழியை முதலாளி மேல் போட்டுப் பார்த்தேன்.
அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தானே.

"சரி பண்ணிரலாம்" என்று போனை வைத்தேன்.

விரிசலின் இரண்டு நுனியிலும் ஊசித் துளை,
அதற்கு மேல் ஓடாதிருக்க.
பழையதை முழுக்க அரைத்தெடுத்தேன்.
வால் பொறியாகப் பறந்தது.
முனைகளை நாடா ஒட்டி அடைத்து
உள்ளே ஆர்கானைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஜைலானி சிலிண்டர் முள்ளையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
"கேஸ் போகுதுக்கா."
போகட்டும்.

முகமூடி இறங்கியதும் உலகம் ஒரு பச்சைப் பொட்டு.
அதற்குள் உருக்குக் குளம் கட்டும்.
கம்பியைத் தொடு, எடு.
தொடு, எடு.
ஆறும்போது வைக்கோல், கத்தரிப்பூ,
ஓரத்தில் கொஞ்சம் மயில்கழுத்து.
உள்ளே டார்ச் அடித்தேன்.
வெள்ளி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது.
குழாயைத் தாங்கும் பிராக்கெட்
விரகனூர் வேகத்தடைகளில் இடித்து இடித்து
எப்போதோ ஒடிந்திருக்கிறது.
பாரமெல்லாம் அந்தக் கழுத்தில்.
என் தப்பு மட்டுமில்லை என்று
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.
பிறகு பிராக்கெட்டையும் புதிதாய்ச் செய்து மாட்டினேன்.

பில்லில் கூலி என்ற இடத்தில் கோடு இழுத்திருந்தேன்.
"ஏங்க்கா?"
இஞ்சின் சூடாயிருந்தது. சத்தமே இல்லை.
இப்படியே விட்டிருந்தாலும் விட்டிருக்கலாம்.
"அந்தக் கப்பலூர் வெல்டிங் நான் வச்சது."

அவன் பில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஜைலானி தரையைப் பார்த்தான்.
"அப்ப கேஸ்கெட் காசும் வேணாம்லக்கா?"
"அது வேணும்."

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது.
ஹலோ இல்லை.
பானெட்டுக்குள் போனை நீட்டியிருக்கிறான் போல.
ஸ்டார்ட்டர் கரகரத்தது, இஞ்சின் பிடித்தது,
எங்கேயோ பால்காரர் மணி, ஒரு காக்கை.
நாலு மூச்சும் ஒன்றாய் இறங்கிப் போயின.

அவன் எதுவும் பேசவில்லை.
நானும் வைக்கவில்லை,
பல் துலக்காத வாயோடு
இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.