நேற்று என்ன சாப்பிட்டீர்கள்

ஆசாரிப்பள்ளம், புறநோயாளிகள் பிரிவு, அறை பதினொன்று.
மேசையில் படிவம்: கடந்த இருபத்துநாலு மணி நேரம்.
காலை, மதியம், மாலை, இரவு.
கட்டம் கட்டமாய் ஒரு வயிறு.

எதிரே கமலபாய், நாற்பத்தாறு, களியல்.
தொழில் பால்வெட்டு.
ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்று.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்,
கழுவிய சிப்பிபோல வெளுத்திருந்தது.

'தினமும் பால் உண்டா?' என்றேன்.
'முந்நூறு மரம்' என்றாள்.
முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை.

மூணு மணிக்கு நெற்றியில் விளக்கு, கையில் கத்தி,
வயிற்றில் ஒரு கட்டன்சாயா.
'பத்து மணிக்குக் கஞ்சி. பயறும் உண்டு, இருந்தா.'
இருந்தால் என்பதை எப்படி எடை போடுவது?
எழுதாமல் விட்டேன்.

'ராத்திரி?'

அப்போதுதான் நிமிர்ந்தாள்.
'சாளை, பிள்ளே. குளச்சல் சாளை.
நெய் வச்ச சமயம்லா,
வெறுஞ்சட்டியில போட்டாலே எண்ணெய் எறங்கும்.
தேங்காயச் செவக்க வறுத்து,
நல்லமிளகு வச்சு அரைச்சு,
கொடம்புளி ரெண்டு சுளை,
கறிவேப்பிலை குச்சியோட.
மரச்சீனிய ரெண்டு வெள்ளம் மாத்தி அவிக்கணும்,
இல்லேன்னா தலை சுத்தும்.
பொறவு முருங்கயெலத் தொவரன்.'

என் பேனா அவள் பின்னால் ஓடியது.
கிழங்கில் மாவு இருக்கிறது,
அதைத் தாண்டி அதனிடம் கேட்டுப் பயனில்லை.
அது தெரிந்தவர் யாரோதான்
சாளையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்,
புரதத்தோடு, மென்று விழுங்கும் முள்ளின் சுண்ணாம்போடு.
முருங்கையின் இரும்பு தனியே வந்தால்
குடல் பாதியில் திருப்பி அனுப்பும்.
மீன் கூட வந்தால் கொஞ்சம் இரங்கும்.
புளியும் சிபாரிசு சொல்லும்.

சந்தோஷமாக இருந்தது. பிறகு இடித்தது.
இப்படித் தின்கிறவளுக்கா ஏழு புள்ளி ஒன்று?

பேனாவை மூடினேன்.
'எத்தனை சாளை தின்னீங்க?'

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.

'பத்து உண்டும். அவியளுக்கு நாலு.
மொவனுக்கு நாலு, லோடு கேத்துதவன்லா.
மொவளுக்க மாப்பிள வந்திருந்தாரு, ரெண்டு.
தலை பூச்சைக்கு.'

'உங்களுக்கு?'

'சாறு கெடந்தது.
சட்டியிலயே கெழங்கப் போட்டுப் பெரட்டினா, பிள்ளே,
அதுக்க ருசி...'

கண்ணை மூடிக்கொண்டாள். பொய்யில்லை.
சிரட்டையில் ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுக்கும் விரல்கள்
சட்டியின் அடியை விட்டுவைத்திருக்காது.
ஆனால் ருசி எத்தனை மில்லிகிராம் என்று
என் அட்டவணையில் இல்லை.

இரவுக் கட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
கிழங்கு. சாறு. இலை ஒரு பிடி, மிச்சம்.
களியலில் ஒரு பூனை மட்டும்
நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

இரும்பு மாத்திரை முப்பது,
சாயாவோடு விழுங்கக் கூடாது.
அதற்கும் கீழே, என் கையெழுத்தில்:
சாளை இரண்டு, விளம்பும் முன்.
டாக்டர் வாங்கிப் பார்த்தார்.
'இது மருந்தா, சட்டமா?'

அடுத்த மாசம் வந்தாள். எட்டு புள்ளி மூன்று.
'தின்னீங்களா?'

வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.
களியல்காரர் யாரும் இல்லை.
'ஒண்ணு' என்றாள்.
'அடுக்களைக் கதவச் சாத்திட்டு. நின்னுட்டே.'

எவ்வளவு என்பதற்கு ஒரு கட்டம் உண்டு,
எப்போது என்பதற்கு ஒன்று.
சாத்திய கதவுக்கு இல்லை.
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்: நின்றுகொண்டு.

'முள்ளு?' என்றேன்.

'அதயும்' என்றாள்.