யாழ்ப்பாணம்: நாலரை அடி

முற்றவெளிக் கண்காட்சியில் ஒரு வங்கியின் கூடாரம்.
ஒன்பது மாவட்டங்களின் சீவியச் செலவை
ஒன்பது தூண்களாய் வெட்டித் தரச் சொன்னார்கள்.
கொழும்பு ஏழடி.
யாழ்ப்பாணம் நாலு.
அளவுத்தாளின் அடியிலேயே
றொமேஷ் என் சம்பளத்தையும் எழுதியிருந்தான்:
‘அங்கை சீவியம் மலிவுதானே அக்கா,
வடக்கு வீதம் போட்டிருக்கு.’

றெஜிபோம் தெமட்டகொடையிலிருந்து
இரவு லொறியில் வந்தது. ஏற்றுகூலி தனி.
மூலை உடைந்த இரண்டுக்கு ஈடு இல்லை.
வெள்ளை எமல்ஷன், கொழும்பில் விற்கும் அதே வாளி,
கஸ்தூரியார் வீதியில் நானூறு ரூபா கூட.
‘வடக்கு வீதத்திலை பெயின்ற் இருக்கோ?’
கடைக்காரர் சிரிக்காமல் கேட்டார்:
‘எந்த நிறம்?’

கொக்குவிலில் என் அறை.
வீட்டுக்காரர் ஸ்காபரோவில்.
அங்கே பனி கொட்டினால்
இங்கே வாடகை கூடும்.
ஆடி பிறந்து வெளிநாட்டுச் சனம் வந்திறங்கினால்
சந்தையில் நண்டு எங்களைத் திரும்பியும் பார்க்காது.
இதெல்லாம் எந்தத் தூணுக்குள் போகிறது என்று
அளவுத்தாளில் இல்லை.

சூட்டுக் கம்பியால் அறுத்தேன்.
நாலடி. சரியாக என் நெஞ்சுக்குழி மட்டம்.
மறுபக்கம் யூட் பிடித்துக்கொண்டு நின்றான்,
குருநகரிலிருந்து சைக்கிளில் வருபவன், நாட்கூலி.
அவனிடம் நான் வடக்கு வீதம் என்று சொல்லவில்லை.
மூவாயிரம் என்றுதான் சொன்னேன்.
அவன் கேட்டது நாலு.

திறப்புக்கு முதல்நாள் பின்னேரம்
வங்கிப் பெரியவர் வந்தார்,
தலையைச் சரித்துப் பார்த்தார்.
‘யாழ்ப்பாணம் மற்றதுகளுக்குப் பின்னாலை மறையுது.
கொஞ்சம் உயர்த்தேலாதோ?
பார்வைக்குத்தான்.’

இரண்டு பலகைத் துண்டு, நாலு ஆணி.
யூட் குந்தியிருந்து அடித்தான்.
ஒரு நிமிடத்தில்
யாழ்ப்பாணத்தின் சீவியச் செலவை
அரையடி உயர்த்தினோம்.
ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.

இரவு பில் எழுத இருந்தேன்.
‘மேலதிக வேலை: அரையடி.’
அதற்கு என்ன விலை போடுவது?
பேனை மூடியைக் கடித்தபடி
கனநேரம் மின்விசிறியைப் பார்த்தேன்.
பிறகு மேல்வரிக்குப் போய்
உதவியாளர் என்ற இடத்தில்
மூவாயிரத்தை வெட்டி
நாலாயிரம் எழுதினேன்.
றொமேஷ் ஏன் என்று கேட்டால்
தூணைக் காட்டலாம்.