கல்லுப்பால்

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒரே வரியில் மெயில்:
நாங்கள் கேட்டது ஷீன்.
நீங்கள் அனுப்பியிருப்பது ஷைன்.

எல்லாம் பளபளப்புதானேம்மா என்றார் முதலாளி.
ஜெகதேவி ரோட்டில்
கறுப்புக் கல்லைக் கண்ணாடியாக்கியே
மூன்று மாடி எழுப்பியவர்.
இருபத்திரண்டு டன் பளபளப்பு
எங்கோ ஒரு துறைமுகத்தில்
நாள்வாடகை தின்றுகொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை.
ஆகவே தப்பும் என்னுடையது.

சொல்லிப் பார்த்தேன்.
ஷைன் உங்கள் முகத்தை உங்களிடமே திருப்பித் தரும்.
ஷீன் தராது.
எருமை குட்டையைவிட்டு ஏறிப் பாதி காய்ந்தபின்
முதுகில் நிற்குமே, அது.
"முழுசா நனைஞ்சிருந்தா?"
அதற்கு வேறு சொல் சார். கிளிஸன்.
"காஞ்சே போயிட்டா?"
எருமைதான் சார்.

அவர் சிரிக்கவில்லை.
சாம்பிள் பலகையோடு வாசலில் நின்ற
பாலிஷ் மாதப்பன் சிரித்தான்.

அன்றிலிருந்து டீ நேரத்தில் கேட்பான்.
டோல்கேட்டுல எதிர்லாரி கண்ணுல அடிக்குதே?
கிளேர்.
டேம் தண்ணி, பதினோரு மணிக் காத்துல?
கிளிட்டர். இல்லை, வேண்டாம்,
அது நகைக்கடைக்குப் போய்க் கெட்டுப்போன சொல்.
"நம்ம மினுக்கு மாதிரிங்களா?"
அதே மாதிரி.
வாட்ச்மேன் பீடி, நைட்டுல?
குளோ.
"அது கனலுங்க. அதுக்கெதுக்கு இங்கிலீஷு?"
ஊதினால் வருவது கனல்,
ஊதாமலே இருப்பது தணல் என்றான்.
என் அகராதியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அன்றைக்கு டீக்கு நான் காசு கொடுத்தேன்.

வியாழக்கிழமை
மெஷினில் உராய்வுக்கல் உடைந்து தெறித்தது.
வலது கண்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி.
இருட்டறையில் டார்ச் அடித்து டாக்டர் கேட்டார்:
வெளிச்சம் தெரியுதா?
தெரியுதுங்க.
எந்தப் பக்கமிருந்து?
பக்கம் தெரியலைங்க.
சீட்டில் பி.எல். என்று எழுதி
ஒரு கூட்டல் குறி போட்டார்.
இரண்டெழுத்து, ஒரு கூட்டல்.
அதற்குமேல் அந்த மருத்துவத்துக்கு
எதுவும் தேவைப்படவில்லை.

இன்சூரன்ஸ் படிவம் என் மேஜைக்கு வந்தது.
தெரியும் ஒளியின் தன்மையை விவரிக்கவும்.
கீழே ஒன்றரை அங்குலக் கோடு.

கிளிம்மர் என்று எழுதலாம்.
ஆனால் அந்தச் சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு
நம்பிக்கையும் கூடவே வரும்.
நம்பிக்கைக்கு இழப்பீட்டில் கழித்துக்கொள்வார்கள்.
ஃபிளிக்கர் என்றால் வந்து வந்து போக வேண்டும்,
அவனுக்குப் போவதே இல்லை.
டிம் என்றால்
பல்பை மாற்றினால் சரியாகிவிடும் போலிருக்கிறது.

போன் செய்தேன்.
எப்படித் தெரியுது மாதப்பா, சரியாச் சொல்லு.
அவன் வீட்டு டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.
சத்தத்தைக் குறைக்கச் சொன்னான்.

"கல் அறுக்கையில ஓடுமே மேடம், கல்லுப்பால்,
அதுக்குள்ள முங்கிக் கண்ணத் தொறந்தா மாதிரிங்க.
வெள்ளையா இருக்குது.
ஒண்ணத்தையும் காட்ட மாட்டேங்குது."

காட்டாத வெளிச்சம்.
இரண்டு பாஷையிலும் தேடினேன்.
பிறகு கோட்டில் அவன் சொன்னதையே எழுதினேன்,
கல்லுப்பால் என்பதை மட்டும் தமிழெழுத்தில்.
திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்,
திரும்பி வரும் சரக்கு எங்களுக்குப் புதிதில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் கன்டெய்னர் வந்தது.
யார்டில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
பலகைக்குப் பலகை ஒரு வானம், ஒரு கிரேன்,
குனிந்து எண்ணும் என் முகம்.
எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும்.
மெஷினில் இப்போது பர்கூர்ப் பையன்.
கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கண்ணாடி
ஒரே வாரத்தில் கீறல் விழுந்து
அவன் நெற்றிக்கு ஏறிவிட்டது.
போடுடா என்றேன். போட்டான்.

எது வரைக்கும் தேய்க்கணும் மேடம்?

எருமை பாதி காயும்வரை என்றேன்.
முழித்தான்.
முதலாளிதான் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.