நீசா கணக்கு

ஹமாமட்சுவில் இரவு ஒன்பதே முக்கால்.
மஞ்சக்குப்பத்தில் மாலை ஆறே கால்.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது தம்பி அழைத்தான்.
"அக்கா, நீசான்னா என்ன?"

யாரைத் திட்டுகிறாய் முகிலரசு, என்றேன்.

திட்டில்லையாம். ஒரு கணக்கின் பெயராம்.
கூட வேலை செய்கிற வியட்நாம் பையன் திறந்துவிட்டான்,
கேன்டீனில் சோறு போடும் அம்மாள்கூடத் திறந்துவிட்டாள்.
இவன் மட்டும்
ஏழு வருஷச் சம்பளத்தை வங்கியில் போட்டு
வருகிற வட்டியில் வருஷத்துக்கு ஒருமுறை
நாலு பாட்டில் கிரீன் டீ குடிக்கிறான்.

பதினோரு படம் அனுப்பினான்.
கட்டம் கட்டமாக, குருவிக்கால் எழுத்து.
இன்னொரு போனை அதன்மேல் காட்டினால்
தமிழ் வந்து குந்துகிறது, அரைகுறையாக:
"வரியற்ற கொள்கலன்."

வரியில்லாதது என்றால் என் தொழிலில்
கோடு போடாத நோட்டு.
கூட்டல் போட்டால் எண்கள் சரிந்துவிடும்,
நான் வாங்குவதே இல்லை.

வண்டியை ஓரம் கட்டினேன்.
நூற்றியெண்பத்து மூன்று பேருக்கு மாதாமாதம்
தபால் ஆர்.டி. கட்டுகிறவள் நான்.
எனக்குப் புரியாத கணக்கா?

அது மீனில்லைடா, கூடை, என்றேன்.
உள்ளே என்ன போடுகிறாய் என்பது உன் பாடு.
உலகத்துக் கம்பெனியெல்லாம் கலந்த ஃபண்டு போடலாம்,
துறைமுகத்தில் கலந்துகட்டி ஒரு கூறு விற்பார்களே, அதுபோல.
லாபம் வந்தால் வாசலில் சுங்கம் கிடையாது.
நாறிப்போனால் நாறியதுதான்,
வேறு கூடையின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டான்.
வருஷத்துக்கு முப்பத்தாறு லட்சம் யென்,
ஆயுசுக்கு ஒரு கோடியே எண்பது லட்சம்.

"ஆயுசுக்கா?"
அப்படித்தான் போட்டிருக்கிறது.

கூடை இல்லாவிட்டால்
லாபத்தில் நூற்றுக்கு இருபது புள்ளி மூன்று ஒன்று ஐந்து.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது எதற்கு?
பட்டியலில் ஒரு ரூபாய் உதைத்தாலும்
ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.
தேடிச் சொல் என்றேன். தேடினான்.
அவர்களுக்குக் கடல் ஏறி வந்த வருஷம்
இடிந்ததைக் கட்ட ஏற்றிய வரியாம்.
இன்னும் ஓடுகிறதாம்.

பாலத்தை உலுக்கிக்கொண்டு ஒரு பஸ் போனது.
நமக்கு வந்தபோது அவனுக்குப் பத்து வயசு.
தேவனாம்பட்டினத்து வீட்டுச் சுவரில்
தண்ணீர் எழுதிவிட்டுப் போன ஒரு வரி,
மூன்று தடவை வெள்ளையடித்தும் மேலே வந்தது.
எங்களுக்குப் போர்வை வந்த அட்டைப்பெட்டியில்
இதே குருவிக்கால் எழுத்து இருந்ததா?
யோசித்தேன். ஞாபகமில்லை.

"அந்தச் சில்லறையையும் கட்டாம இருக்கத்தானா இது?"
அதையும் சேர்த்துத்தான்.
திருட்டில்லை, அரசாங்கமே கொடுக்கிற கூடை.
"சரி" என்றான், கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிற மாதிரி.

பத்தாவது படத்தில் இருந்தது:
ஜப்பானில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.
நாட்டைவிட்டுப் போனால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.
பதினோராவதில் ஒரு வரைபடம்.
இருபது வருஷம் போய் மேலே வளைகிற கோடு.
அதன் நுனியில் அவன் கையெழுத்து,
"அம்பத்தொண்ணு" என்று எழுதி
அடித்திருந்தான்.

முப்பத்தொண்ணும் இருபதும்.
இதற்கு நோட்டே வேண்டாம்.

எப்போ வருவே என்று கேட்கவில்லை.
மாசம் எவ்வளவு என்று கேட்டேன்.
"முப்பதாயிரம் யென்."
ஐயாயிரத்தில் ஆரம்பி, கை பழகட்டும்,
புதுசாகச் சேருகிற எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்.

பழக்கதோஷத்தில்
நாமினி யார் என்றும் கேட்டுவிட்டேன்.
தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.
அப்படி ஒரு கட்டமே
அதில் இல்லையாம்.