பதினேழாவது ஆள்

அயோவா. பிப்ரவரி. இரவு ஏழு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில்
ஈரப் பூட்ஸ்களோடு நூற்றுப் பன்னிரண்டு பேர்.

எங்கள் கட்சியில், எங்கள் ஊரில்,
வாக்கை யாரும் பெட்டியில் போடுவதில்லை.
உடம்பால் போடுகிறோம்.
பிடித்தவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்கவேண்டும்,
பல்வைத்தியர் பார்க்க, பாதிரியார் பார்க்க,
டிராக்டருக்குக் கடன் தந்த வங்கிக்காரர் பார்க்க.

நூற்றுக்குப் பதினைந்து சேராத மூலை கலையும்.
கணக்குப்படி பதினேழு தலை.
மார்கிட் ஸ்டென்ரூடின் மூலையில்
சரியாகப் பதினேழு பேர் இருந்தோம்.
ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனாலும்
மற்றவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மார்கிட் அறுவடை சமயத்தில் எங்கள் தானியக் கிடங்குக்கு வந்தார்.
ரயில் கட்டணம் பற்றி நான் கேட்டதற்கு
"தெரியாது" என்றார், எல்லோர் முன்னாலும்.
ஒன்பதாம் நாள் தபாலில் பதில் வந்தது,
கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தலோடு.
அந்த அடித்தலுக்காகத்தான் நான் அங்கே நின்றேன்.

முதல் எண்ணிக்கைக்கு நான்கு நிமிடம் இருக்கையில்
எதிர் மூலையிலிருந்து டுவேன் ஹ்ரூபி வந்தார்,
பேப்பர் தட்டில் எலுமிச்சை கேக்கோடு.
பத்துக் குளிர்காலமாக என் வாசல் பனியைக்
கேட்காமலே தள்ளிவிட்டுப் போகிறவர்.

"நல்ல மனுஷிதான், ஆர்லிஸ். யார் இல்லை என்றது?
ஆனால் ஜெயிப்பாளா?"

"நவம்பரில் நீங்கள் போடமாட்டீர்களா அவளுக்கு?"

"நான் போடுவேன். வெல்டா போடுவாள்.
பென்சில்வேனியாவில் ஒருத்தன் போடமாட்டான்."

அந்த ஒருத்தன்!
அவனை யாரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
உருக்காலை மூடியதில் வேலை போனவன் என்றார் டுவேன்.
முழங்கால் வலிக்காரன், அதனால் கோபக்காரன் என்றாள் வெல்டா.
வேகமாகப் பேசும் பெண்ணைக் கண்டால்
சேனலை மாற்றுவான் என்றார் பல்வைத்தியர்.
தேர்தல் நாளில் மழை பெய்தால் வீட்டிலேயே இருப்பானாம்.
ஆளுக்கு ஒரு எலும்பு போட்டார்கள்.
நானும் ஒன்று போட்டேன்: அவனுக்கு நாய் இருக்கும் என்றேன்.
எழுந்து நின்றுவிட்டான்,
நூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக,
பூட்ஸில் துளி ஈரமில்லாமல்.

செனட்டர் லிண்டால் மூலையில் அறுபது பேர்.
அவர் பேச்சிலிருந்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால்
அறுபது பேரும் விழிப்பார்கள்.
அவரைப் பிடித்து வந்தவர் எத்தனை பேரோ,
பிறருக்குப் பிடிக்கும் என்று வந்தவர்களே அதிகம்.
ஓடுகிற குதிரை என்றார்கள்.
ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
என் கால்கள் நின்றது வார்னிஷ் போட்ட மரத்தரையில்.
நடுவே ஒரு சிவப்புக் கோடு,
பிள்ளைகள் பந்தை வாங்கித் திரும்பும் இடம்.
அதைத் தாண்டினேன்.
முதுகுக்குப் பின்னால், மாவுக்கட்டுப் போட்ட கையோடு
டோபியாஸ் க்ரூகர் எண்ணுவது கேட்டது:
பதினான்கு, பதினைந்து, பதினாறு.
பிறகு கொஞ்ச நேரம் எந்த எண்ணும் வரவில்லை.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

சுவரிலிருந்து அவர் பெயரை உரித்தபோது
பெயின்ட்டும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

வெளியே டுவேன் என் கண்ணாடிப் பனியையும்
சுரண்டிவிட்டார். "சரியானதைத்தான் செய்தாய்" என்றார்.
கேக் மிச்சத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வண்டியில் என் பக்கத்து இருக்கையில் அவன் வந்தான்,
பென்சில்வேனியாக்காரன்.
பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தவில்லை.
தானியக் கிடங்கைத் தாண்டுகையில் கேட்டேன்:
"உண்மையைச் சொல், உனக்கு யாரைப் பிடிக்கும்?"

அப்போதுதான் கவனித்தேன்.
முழங்கால் கொடுத்திருந்தோம், கோபம் கொடுத்திருந்தோம்,
நாய்கூடக் கொடுத்திருந்தோம்.
வாய் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.