நிகர எடை

மறுபடியும் செத்தது.
வண்டி எண் அடித்தாயிற்று, சரக்கு எம்-சாண்ட் என்று அடித்தாயிற்று,
எடை வந்து நிற்கவேண்டிய கட்டத்தில்
எண்கள் குதித்துக்கொண்டிருக்கும்போதே
திரை கறுத்தது.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல
நல்வரவு என்றது.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப்.
மூடியில் கோபுர முத்திரை பாதி தேய்ந்துவிட்டது.
மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினால்
கிரஷருக்குப் போகும் பாதையில் எடைமேடை,
பக்கத்தில் தகரம் வேய்ந்த அறை,
அறைக்குள் அதுவும் நானும்.
வேலைக்கு எடுக்கும்போது முதலாளி கேட்ட ஒரே கேள்வி:
"சொந்தமா கம்ப்யூட்டர் இருக்காத்தா?"

முதல் வாரம் சூடு என்று நினைத்தேன்.
பின்பக்கம் திறந்து பேனை ஊதினேன்.
கல்மாவு கண்ணில் அப்பியது.
அதற்கப்புறம் இரண்டு நாள் அருமையாக ஓடியது.
ஒன்று ஞாயிறு. இன்னொன்று லாரி ஸ்டிரைக்.

அப்டேட்டை நிறுத்தினேன். வைரஸ் தேடினேன்.
டவுன்ஹால் ரோட்டுக்கு பஸ் ஏறிப்போய்
அறுநூறு ரூபாய்க்கு சார்ஜர் மாற்றினேன்.
காஜா மைதீன் தன் மேசையில் நாலு மணிநேரம் ஓடவிட்டு
"கல்லு மாதிரி நிக்குதேம்மா" என்றார்.
கல்லுக்கு நடுவில்தான் நிற்கமாட்டேன் என்கிறது என்று
சொல்ல வெட்கமாக இருந்தது.

"தான்பாட்டுக்கு அணையுது, தான்பாட்டுக்கு எந்திரிக்குது,
இது வேற வெவகாரம்" என்ற டிரைவர் வீரணன்
வண்டியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து
கீபோர்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.
மத்தியானம் உப்புப் போட்டுப் பிழிந்து குடித்தேன்.

அப்புறம்தான் நோட்டு போட்டேன்.
அறுபது பக்கம், கோடு போட்டது.
அணைந்த நேரம், வண்டி எண், காலியா லோடா.
பதினொரு நாள்.
காலி வண்டிக்கு ஒருதரமும் அணையவில்லை.
வைக்கோல் வண்டிக்கும் வாழைத்தார் வண்டிக்கும் அணையவில்லை.
அளவாக ஏற்றி வந்தவனுக்கு அணையவில்லை.
நாற்பது டன் தாண்டி வந்தவை முப்பத்தொன்று,
அதில் இருபத்தாறுக்கு
செத்துப் பிழைத்திருக்கிறது.

மறுநாள் வீரணன் வண்டி ஏறும்போது
லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.
மேசை நடுங்கியது. டீ கிளாஸ் நடுங்கியது.
ஆணியில் காலண்டர் நடுங்கியது.
மடியில் எண்கள் மெல்ல அடங்கி நின்றன:
நாற்பத்தாறாயிரத்து இருநூற்று எண்பது.

இரவு வீட்டில் ஆறு திருகாணி கழற்றினேன்.
ரேமைப் பிடித்திருந்த கொக்கி ஒருபக்கம் தளர்ந்து
ஈறு விட்ட பல்லாக அது ஆடிக்கொண்டிருந்தது.
தம்பியின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து
மஞ்சள் முனைகளைத் தேய்த்தேன்,
'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன்,
அடியில் சைக்கிள் டியூப் நாலு துண்டு வெட்டி ஒட்டினேன்.
அழிப்பதற்கென்றே செய்த ரப்பர்.
அது பட்ட பிறகு
ஒரு எடையும் அழியவில்லை.

மூன்றாம் நாள் சேவுகன் அம்பலம் வந்தார்.
கணக்கை மேலும் கீழும் நகர்த்தச் சொன்னார்.
நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. நாற்பத்துநாலு.
"இதை யாரு சரிபண்ணச் சொன்னது?"

மூன்று வாரமும் அவர் என்னை
ஒரு வார்த்தை வையவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
அணைந்தபோதெல்லாம் சீட்டைக் கையால் எழுது என்பார்,
எடையை அவரே சொல்வார்:
இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தெட்டு.

"ஏதோ ஒரு திருகாணியக் கொஞ்சம் லூசா விடுத்தா"
என்றார், தண்ணீர் கேட்பதுபோல.
தலையாட்டினேன்.

ஹாரன். வீரணன் மேடையில் ஏறுகிறார்.
மேசை நடுங்குகிறது, லேப்டாப் நடுங்கவில்லை.
தலையாட்டியது நிஜம், அவ்வளவுதான் நிஜம்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
அறுபது பக்க நோட்டில்
இருபத்திரண்டு பக்கம் பாக்கி.